எண் பலகை யார் படிப்பதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாகன எண் பலகைகளுக்குப் புதிய வடிவம் கொடுப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒரு நாட்டின் இயற்கையும் பண்பாடும் அந்நாட்டு வண்டிகளின் எண் பலகையிலேயே தெரிய வேண்டும் என்றும், இப்போதுள்ள பலகைகள் பெரும்பாலும் உயிரற்றவையாக இருக்கின்றன என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அழகு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பலகையை எவர், எந்த நிலையில், எவ்வளவு நேரத்தில் படிக்கப் போகிறார் என்ற கேள்வி அந்த நீண்ட கட்டுரையில் ஓரிடத்தில்கூட எழவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் என்ற முறையில் அந்தக் கேள்வியை எழுப்பவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை நேரத்தில், எனக்குச் சற்று முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பையனை ஒரு கார் பின்னாலிருந்து தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அதை மூன்று பேர் பார்த்தோம். பையனைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்த கையோடு, மறப்பதற்குள் குறித்துவிட வேண்டும் என்று சட்டைப் பையில் இருந்த மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எண்ணை எழுதினேன். கடைசி நான்கு இலக்கங்கள் 3806 என்பது நான் கண்டது. என் பக்கத்தில் நின்ற பெண்மணி 8806 என்றார். எதிர்ப்புறத்திலிருந்து ஓடிவந்தவர் 3306 என்று அடித்துச் சொன்னார். அதற்கு முன்னிருந்த எழுத்துகளில் ஒன்று ‘ஓ’வா ‘க்யூ’வா என்பது எங்கள் மூவருக்குமே நிச்சயமில்லை. பலகையைச் சுற்றி மாட்டியிருந்த பளபளப்பான அலங்காரச் சட்டம் எழுத்துகளின் அடிப்பகுதியை விழுங்கியிருந்தது. ‘க்யூ’வுக்கு வால் இருந்திருந்தாலும் அது சட்டத்துக்குள் போயிருக்கும். காவல் நிலையத்தில் மூன்று எண்களையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. பையனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

எங்கள் மூவரில் எவருக்கும் பார்வைக் கோளாறு இல்லை. எவரும் பொய் சொல்லவும் இல்லை. ஈய எழுத்துக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த எனக்கு இது புதிய செய்தியும் அல்ல. தேய்ந்த 3ஐ 8 என்று படித்து ஒரு விலைப்பட்டியலையே மறுபடி அச்சிட்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. தெரியாத சொல்லில் கண் தானாக நின்றுவிடும். ஒத்த உருவத்தில் நிற்காது, தனக்குத் தோன்றியதை வைத்துக்கொண்டு மேலே போய்விடும். அச்சுத்தாளையாவது மேசையில் விரித்து, நல்ல வெளிச்சத்தில், இரண்டு முறை படிக்கிறோம். ஓடும் வண்டியின் பின்னால் இருக்கும் ஏழெட்டு உருவங்களை ஒருவர் படிப்பது இரண்டு மூன்று நொடிகளுக்கு மட்டுமே, அதுவும் பெரும்பாலும் பதற்றத்தில் இருக்கும்போது.

1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் காவல்துறை பிறப்பித்த ஆணையை எண் பலகையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் அனுமதி எண்ணையும் படிக்கத்தக்க எழுத்தில் உலோகத் தகட்டில் எழுதி வண்டியின் இடப்பக்கத்தில் பொருத்த வேண்டும், அதை ஒருபோதும் மறைக்கக் கூடாது என்பது அந்த ஆணையின் சாரம். படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும், மறைக்கப்படக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளும் முதல் நாளிலேயே வந்துவிட்டன. அந்த அலங்காரச் சட்டத்தை மாட்டியவரும், மாட்டிக் கொடுத்தவரும், அதைப் பார்த்தும் பாராமல் விட்டவர்களும் நூற்றுமுப்பது ஆண்டுகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன்.

மறுவடிவமைப்பு என்றால் முதலில் கைவைக்க வேண்டியது எழுத்துருவில். ஜெர்மனியில் 1970களில் தீவிரவாதக் குழுக்கள் கறுப்பு மையாலும் ஒட்டுநாடாவாலும் எண் பலகைகளைத் திருத்திக்கொண்டு உலவிய அனுபவத்துக்குப் பிறகு, திருத்துவதற்குக் கடினமான எழுத்துரு ஒன்றை உருவாக்கும் வேலை 1978இல் தொடங்கியது. கார்ல்ஜியார்க் ஹோஃபர் என்ற எழுத்துக்கலைஞர் வடிவமைத்த அந்த எழுத்துருவுக்கு எஃப்.இ. எழுத்துரு என்று பெயர். அதுவரை புழங்கிய சீரான எழுத்தில், ‘எஃப்’ என்பதன் அடியில் ஒரு கோடு போட்டால் ‘ஈ’ ஆகிவிடும். 3இன் இடப்பக்கத்தை வளைத்து மூடினால் 8 ஆகிவிடும். புதிய எழுத்துருவில் ஒவ்வோர் உருவமும் மற்றதோடு ஒட்டாத தனி அளவும் வளைவும் கொண்டிருப்பதால் இந்த வித்தை பலிக்காது. சுழியும் ‘ஓ’வும்கூட ஒன்றின் சாயலில் மற்றொன்று இல்லை. உருவாகி நெடுநாள் கிடப்பில் இருந்த அது, 2000 நவம்பரில்தான் புதிய பலகைகளுக்குக் கட்டாயமாயிற்று. பிற்பாடு பிரேசில் உள்ளிட்ட பிற நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன.

அந்த எழுத்துருவை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அருவருப்பாகவே இருந்தது. ஒரே குடும்பத்து எழுத்துகள் ஒரே முகச்சாடையோடு இருக்க வேண்டும் என்பது நாங்கள் தொழிலில் கற்ற முதல் பாடம்; அங்கோ ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து வீட்டுப் பிள்ளைபோல் நிற்கிறது. நாளடைவில்தான் அதன் நியாயம் பிடிபட்டது. புத்தகத்தில் சொல்லின் மொத்த உருவம் வாசகரைத் தூக்கிச் செல்கிறது. ஓர் எழுத்து மங்கினாலும் பொருள் கைகொடுக்கும். பதிவெண்ணில் கைகொடுக்கப் பொருள் ஏது? ஒவ்வோர் உருவமும் தன் காலில்தான் நின்றாக வேண்டும். இப்போது அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது வேலைக்கென்றே செய்த நல்ல கருவியைக் கையில் எடுத்துப் பார்ப்பது போன்ற நிறைவு ஏற்படுகிறது. கட்டுரையாளர் தேடும் அழகு இங்கேயும் இருக்கக்கூடும்.

எழுத்தின் வடிவத்தைப் போலவே அதன் அளவும் இடைவெளியும் முக்கியம். பிரிட்டனில் 2001 செப்டம்பர் முதல் வழக்கத்தில் உள்ள பலகையில் எழுத்தின் உயரம் 79 மில்லிமீட்டர், அகலம் 50 மில்லிமீட்டர். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே 11 மில்லிமீட்டர், இரு தொகுதிகளுக்கு நடுவே அதைப்போல் மூன்று மடங்காக 33 மில்லிமீட்டர். ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு வருபவர் பகல் வெளிச்சத்தில் இந்தப் பலகையை 20 மீட்டர் தொலைவிலிருந்து படித்துக் காட்ட வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. எழுத்தின் உயரம் பாதியானால் அதே கண் படிக்கும் தொலைவும் ஏறத்தாழப் பாதியாகும். இந்திய விதிகளின்படி காரின் எழுத்து 65 மில்லிமீட்டர்; இருசக்கர வண்டியின் பின்பலகை இலக்கமோ 40 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் கணக்கை அப்படியே பொருத்தினால், 20 மீட்டரில் நிற்பவர் பத்து மீட்டருக்கு வந்தால்தான் அந்த இருசக்கர வண்டியின் எண்ணைப் படிக்க முடியும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப்போகும் வண்டி பத்து மீட்டரைக் கடக்க ஒரு நொடி போதும்.

நீளம் இன்னொரு சிக்கல். இந்தியப் பதிவெண்ணில் பொதுவாகப் பத்து உருவங்கள் இருக்கின்றன. அவற்றில் முதல் நான்கு, மாநிலத்தையும் பதிவு அலுவலகத்தையும் சொல்வதற்கே போய்விடுகின்றன. ஸ்பெயின் 2000ஆம் ஆண்டில் மாகாணக் குறியீட்டைக் கைவிட்டு நான்கு இலக்கம், மூன்று எழுத்து என்று ஏழு உருவங்களுக்கு வந்தது. தற்செயலாகச் சொற்கள் அமைந்துவிடக் கூடாது என்பதற்காக உயிரெழுத்துகள் முழுவதையும், சுழியோடு குழம்பும் ‘க்யூ’வையும் நீக்கி, இருபது எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அப்படிக் கழித்த பிறகும் எட்டுக் கோடி எண்கள் தேறுகின்றன. இத்தாலி ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’, ‘யூ’ ஆகிய நான்கையும் விலக்கியிருக்கிறது. எழுத்தைக் குறைத்தால் எண் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சுவோர் ஒருமுறை பெருக்கிப் பார்த்தால் போதும்.

ஊர்க் குறியீட்டை நீக்கலாமா என்பதில் உணர்ச்சியும் கலந்திருப்பதை அறிவேன். பிரான்ஸ் 2009இல் வண்டியின் ஆயுள் முழுவதும் மாறாத புதிய எண்ணுக்கு மாறியபோது, மாவட்ட எண் போய்விடும் என்று மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில், பதிவெண்ணோடு சேராமல் பலகையின் வலது ஓரத்தில் உரிமையாளர் தாம் விரும்பும் மாவட்டத்தின் எண்ணைச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்வு கண்டார்கள். பற்றுக்கும் இடம் கிடைத்தது, எண்ணும் குறுகியது. இந்தியாவில் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிப் போவோர் மறுபதிவுக்கு அலைவதைத் தவிர்க்க 2021இல் கொண்டுவந்த பாரத் வரிசை, சிக்கலின் வேர் இந்தக் குறியீட்டில் இருப்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான். ஆனால் அதிலும் உருவங்கள் பத்தாகவே இருப்பது எனக்கு ஏமாற்றம்.

ஊர்க் குறியீடு உயிரச்சமாகவே இருந்த நாடும் உண்டு. போர் முடிந்த பாஸ்னியாவில், பலகையைப் பார்த்ததும் வண்டிக்காரர் எந்தத் தரப்புப் பகுதியிலிருந்து வருகிறார் என்பது தெரிந்துவிடும். எல்லைக்கோட்டைத் தாண்டி ஓட்டிச் செல்ல மக்கள் அஞ்சினார்கள். 1998இல் அங்கே அறிமுகமான பொதுப் பலகையில் ஊரின் அடையாளமே இல்லை. லத்தீன், சிரிலிக் ஆகிய இரு எழுத்துமுறைகளிலும் ஒன்றுபோல் இருக்கும் ஏழு எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தார்கள். மக்கள் பயமின்றி நடமாட அது பெரிதும் உதவியது. பலகையில் எதைச் சொல்லக் கூடாது என்று யோசிப்பதும் வடிவமைப்பு வேலையில் அடங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

எழுத்துமுறை பற்றி ஒரு சொல். தாய்மொழி எழுத்தில் பதிவெண் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆயினும், ‘ன’வும் ‘ண’வும் தொலைவில் என்ன பாடுபடுத்தும் என்பதை மெய்ப்பில் பார்த்தவன் நான். 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, நாடு விட்டு நாடு செல்லும் வண்டிகளின் பதிவெண்ணில் லத்தீன் பெரிய எழுத்துகளும் நமக்குப் பழக்கமான 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் இருக்க வேண்டும் என்கிறது. கிரேக்கரும் ரஷ்யரும் தங்கள் எழுத்துமுறைக்கும் லத்தீனுக்கும் பொதுவான உருவங்களை மட்டும் வைத்துச் சமாளிக்கிறார்கள். கிரேக்கத்தில் பதினான்கு, ரஷ்யாவில் பன்னிரண்டு. அத்தகைய பொது உருவங்கள் இல்லாத எழுத்துமுறைகளுக்கு இரட்டை வரி ஒன்றே வழி. அப்போது இரண்டுமே சிறுத்துவிடும். மனமில்லாமல்தான் இங்கே ஒரே வரியின் பக்கம் சாய்கிறேன்.

இவை அனைத்தையும்விட எனக்குப் பிடித்த ஏற்பாடு சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே பதிவெண்ணின் கடைசியில் ஓர் எழுத்து வரும். அது வரிசை எழுத்து அல்ல, சரிபார்ப்பு எழுத்து. முன்னெழுத்துகளுக்கு அகரவரிசைப்படி எண் மதிப்புக் கொடுத்து, அவற்றையும் நான்கு இலக்கங்களையும் முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 19ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியே அந்தக் கடைசி எழுத்தைத் தீர்மானிக்கிறது. அதற்கென ஒதுக்கிய பத்தொன்பது எழுத்துகளில் ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ போன்ற குழப்பக்காரர்கள் இல்லை. 19 பகா எண் என்பதால், நான்கு இலக்கங்களில் ஒன்று மட்டும் தவறிவிட்டால் கடைசி எழுத்து கண்டிப்பாக ஒத்துப்போகாது. அச்சகத்தில் எங்களுக்கு இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் எத்தனை இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்!

இந்த முறையைப் பற்றிப் படித்த அன்று, பழைய மருந்துச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3806, 8806, 3306 ஆகிய மூன்றுக்கும், மற்ற எழுத்துகள் ஒன்றாகவே இருந்தாலும், மூன்று வெவ்வேறு மீதிகள் வருகின்றன. அதாவது, அந்தக் காருக்கு அப்படியொரு கடைசி எழுத்து இருந்து, அதை மட்டும் எங்களில் ஒருவர் சரியாகப் பார்த்திருந்தால், மூன்று எண்களில் இரண்டை அன்றைக்கே அடித்துவிட்டிருக்கலாம்.

இரவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பலகையின் மேல் ஒட்டும் பிரதிபலிப்புத் தாளில் உள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன; ஒளியை விழுங்கும் கறுப்பு எழுத்து அதன்மேல் எடுப்பாகத் தெரிகிறது. பின்னணியும் எழுத்தும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒளியைத் திருப்பினால் எல்லாம் ஒரே பளபளப்பாகிவிடும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 2020 பிப்ரவரியில் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளோடு புதிய பலகையை வெளியிட்டது. பகலில் நேர்த்தியாகத்தான் இருந்தது. பணியில் இல்லாத காவல் அதிகாரி ஒருவர் இரவில் எடுத்த ஒரே ஒரு படம் சமூக வலைத்தளத்தில் பரவிய பிறகுதான், முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் அதைப் படிக்க முடியவில்லை என்ற உண்மை வெளிவந்தது. சோதித்துத்தான் வெளியிட்டோம் என்று முதலில் சாதித்த அரசு, அதே ஆண்டு மே மாதத்தில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பலகைகள் அதற்குள் வண்டிகளில் ஏறிவிட்டிருந்தன.

கேமராக்கள் படித்துவிடுமே, மனிதக் கண்ணுக்காக ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தானாக எண்ணைப் படிக்கும் கருவி பிரிட்டனில் 1976இலேயே உருவாகிவிட்டது. 2003இல் லண்டன் நகர மையத்தில் நெரிசல் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியதும் அத்தகைய கேமராக்களை நம்பித்தான். ஆனால் விபத்துகள் கேமரா இருக்கும் இடமாகப் பார்த்து நடப்பதில்லை. அத்துடன், தெளிவான உருவம், போதிய இடைவெளி, கறுப்பு மை என்று கண்ணுக்கு வேண்டியவை எல்லாம் கேமராவுக்கும் வேண்டியவையே.

படங்களுக்கும் வாசகங்களுக்கும் வருகிறேன். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1928இலேயே தன் பலகையில் பெரிய உருளைக்கிழங்கை வரைந்து அதன்மேல் எண்ணை எழுதியது. கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதி 1970இல் பலகையையே பனிக்கரடி வடிவத்தில் வெட்டியது. அதைப் பார்த்து மகிழாதவர் இருக்க முடியாது, நானும் மகிழ்ந்தேன். மக்கள்தொகை மிகக் குறைந்த, எண்கள் குறைவாகவே தேவைப்படும் ஒரு பகுதிக்கு அது கட்டுப்படியாகும். கோடிக்கணக்கில் வண்டிகள் ஓடும் நாட்டில் கரடியின் காலுக்கும் வாலுக்கும் கொடுக்கும் இடம் எழுத்தின் உயரத்திலிருந்துதான் போகும். வாசகம் எழுதுவதிலோ வேறொரு வம்பு உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பலகையில் இருந்த, ‘சுதந்திரமாக வாழ், அன்றேல் மடி’ என்ற பொருள்படும் வாசகத்தைத் தம் சமய நம்பிக்கையை முன்னிட்டு மறைத்துவைத்த ஒருவரைத் தண்டித்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1977இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. தன் வண்டியில் எவருடைய முழக்கத்தையோ சுமந்து திரிய ஒரு குடிமகரை ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்?

விருப்ப எண்களைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. 1979இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒருவர், விண்ணப்பப் படிவத்தில் தாம் கேட்ட இரு சொற்களும் கிடைக்காவிட்டால் விருப்ப எண்ணே வேண்டாம் என்ற பொருளில் மூன்றாவது கட்டத்தில் ‘நோ பிளேட்’ என்று எழுத, அதையே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். பலகை இல்லாத வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுதிய காவலர்கள் எல்லாம் அதே இரண்டு சொற்களைத்தான் எழுதியிருந்தார்கள் என்பதால், அந்தச் சீட்டுகள் ஆயிரக்கணக்கில் அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. பலகையைப் படிப்பவர்களில் எழுத்தரும் ஒருவர் என்பதை மறந்ததன் பலன் இது.

ஆகவே கட்டுரையாளருக்கும், இப்பொறுப்பில் உள்ளவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வரைபடங்களை அறைக்குள் பெரிய திரையில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். மாதிரிப் பலகைகளை வண்டிகளில் மாட்டி, அவற்றின் மேல் கொஞ்சம் சேற்றையும் அடித்து, மழை தூறும் அந்தி நேரத்தில் ஓட்டவிடுங்கள். ஆணி அடிக்கும் இடம் எழுத்தின் மேல் விழாதபடி முன்கூட்டியே துளையிட்டுக் கொடுங்கள். கறுப்புத் திருகாணி ஒன்று போதும், ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாவதற்கு. எழுத்தைத் தொடும் சட்டங்களை விற்பதையே தடுங்கள். முன்பின் பார்த்திராத மூன்று பேரைச் சாலையோரம் நிறுத்தி, வண்டி கடந்து சென்ற பிறகு, கண்ட எண்ணைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். மூன்றும் ஒத்துப்போகும் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எந்த நிறத்தில் எந்தச் சின்னம் வைக்கலாம் என்று தாராளமாக விவாதியுங்கள். அப்படியொரு சோதனை நடக்குமானால், மருந்துச் சீட்டும் பேனாவுமாக அந்த மூவரில் ஒருவனாக நிற்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்